அம்மாவுக்காக நான் நிரப்பிய படிவம்

அன்று காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்த ஊருக்கு, எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு முதலில் தண்ணீர்க் குழாய் போடுவது என்று முடிவு செய்வதற்கான கணக்கெடுப்பு அது. பதுளையிலிருக்கும் எங்கள் அலுவலகம் எல்லோருடைய போனுக்கும் படிவத்தை அனுப்பியிருந்தது. மாலைக்குள் அறிக்கை போக வேண்டும்.

நகரத்திலிருந்தும் சுற்றுலா ஊரான எல்லவிலிருந்தும் பதில்கள் குவிந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். கொழுந்தெடுக்க மலையேறுகிறவர்கள் போனையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பல வீடுகளில் இருந்த ஒரு போனையும் மகன் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பான். இந்தக் குறையைச் சரிக்கட்ட ஒரு கணக்கு உண்டு. பதில் தந்த ஒருவரை, அவரைப் போன்ற, பதில் தராத எல்லோருக்கும் சேர்த்து எண்ணுவது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் எங்கள் வீடு இருக்கும் டிவிஷனில், கொழுந்தெடுக்கும் வயதான பெண்களில் பதில் தந்தவர் ஒரே ஒருவர். தண்ணீர் தினமும் வருகிறது என்றிருந்தது அந்தப் பதில். அதனால் டிவிஷனே பட்டியலின் அடிக்குப் போய்விட்டது.

அந்த ஒருவர் என் அம்மா. நிரப்பியது நான். ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போனபோது, "தண்ணி இருக்காம்மா?" என்று கேட்டேன். "இருக்கு, இருக்கு. நீ மொதல்ல சாப்பிடு" என்றார். குடங்கள் நிறைந்திருந்தன. லயத்துக்குப் பின்னால் முன்பே ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அதில் தினமும் வருகிறதென்று நினைத்து அவருடைய படிவத்தில் அப்படியே தட்டிவிட்டேன்.

இப்போது சந்தேகம் அரித்தது. அம்மா பகல் சாப்பாட்டுக்கு வரும் நேரம் பார்த்து அவருக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, அந்தப் பைப்புல தண்ணி வருதா இல்லையா?"

"அது நின்னு ரெண்டு மாசமாச்சு. மலையூத்துப் பீலிக்குத்தான் கொடத்தோட போறோம்."

"அன்னைக்கு இருக்குன்னு சொன்னீங்களே!"

"கொடத்துல இருந்துச்சேம்மா. வந்த புள்ளகிட்ட வந்ததும் வராததுமா கஷ்டத்தயா சொல்லுவாங்க?"

எல்லாம் என் பாழாய்ப்போன அவசரம். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"சரி, அந்த ஒரு பதில மாத்திடுங்க" என்றார்.

"மாத்தினாலும், சேர், ஒரே ஆள்தான் எல்லாருக்கும் பேசுறாங்க. நேர்ல போய்க் கேக்கணும்."

முகத்தைச் சுளித்தார். ஆனாலும் இரண்டு நாள் தந்தார்.

மறுநாள் மாலை, வேலை விட்டு எல்லோரும் வந்த பிறகு, காகிதப் படிவங்களோடு லயத்துக்குப் போனேன். முதல் வீடு எங்களுடையது. உள்ளே போகாமல் வாசலில் நின்றே கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தன கொடம் தூக்குறீங்க?"

"மூணு."

"நான் வந்த அன்னைக்கு?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "எட்டு" என்றார்.

அந்த ஞாயிறு நான் அந்தக் குடத்துத் தண்ணீரில் தலைக்குக் குளித்து, என் துணிகளையும் துவைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.