வீட்டில் எல்லோருக்கும் கேஸ்தான்

என் கணவர் வீட்டில் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. எல்லோரும் வயிற்றில் கேஸ் பிடித்தே செத்தார்கள். மாமனார் நாற்பது வயதில். என் கணவர் முப்பத்தாறில், சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில், மார்பைப் பிடித்துக்கொண்டு. மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கும் கோளாறு வயிற்றில்தானாம்.

சில வருடம் கழித்து, மகளின் காய்ச்சலுக்காக அல்சூரில் குழந்தை டாக்டரிடம் போனேன். கணவரின் அண்ணனும் வந்தார், ஆண் துணையாம். மருந்து எழுதி முடித்ததும், இவளுக்குக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லையாம், பாப்பா ஒல்லிதானாம், குடும்பத்தில் சின்ன வயதில் ஹார்ட் அட்டாக் வந்திருந்தால்தான் பார்ப்பார்களாம். யாருக்காவது வந்திருக்கிறதா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. துணையைக் கேட்டார்.

"நம்ம வீட்ல அதெல்லாம் இல்ல டாக்டர். கேஸ் ட்ரபிள்தான்."

பத்து வயதுப் பெண்ணின் ரத்தத்தை இவருடைய கௌரவத்தை வைத்து அளந்தாயிற்று.

"கேஸ்னே எழுதிக்குங்க டாக்டர்," என்றேன். "செத்த வயச மட்டும் பக்கத்துல எழுதுங்க. இவரு அப்பாவுக்கு நாப்பது, தம்பிக்கு முப்பத்தாறு."

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்தார். வெளியே வந்ததும் கணவரின் அண்ணன் சீறினார்.

"பொட்டப் புள்ளைக்கு வியாதிக்காரின்னு பேர் வாங்கிக் குடுத்துட்டியே. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"உயிரோட இருந்தா அத அவளே பாத்துக்குவா மாமா."

டெஸ்டில் கொழுப்பு அவள் வயதுக்கு ஆகாத அளவில் இருந்தது. மறுபடி எடுத்தார்கள், அதேதான். முதலில் சாப்பாட்டை மாற்றினார்கள், பிறகு மாத்திரை. நல்லவேளை சொன்னீர்கள் என்றார் டாக்டர். அந்தப் பாராட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் வாயை மூடியிருந்தால்?

எல்லாக் குழந்தைக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது வீண் செலவு, குடும்பத்தைக் கேட்டால் போதும் என்று படித்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். குடும்பம் உண்மை சொல்லும் என்று நம்புகிறவர்கள் ஒரு கல்யாணப் பேச்சிலாவது உட்கார்ந்திருப்பார்களா? ரத்தத்துக்கு மானமும் தெரியாது, வரன் பார்க்கவும் தெரியாது. அதைக் கேளுங்கள்.

கணவரின் அண்ணனுக்கு இரண்டு பையன்கள். இது பரம்பரையாக வருவது, அவர்களுக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியும் கூட்டிவரவில்லை. உன் பெண்ணை நீ பார்த்துக்கொள் என்றார். பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்திலேயே எல்லோருக்கும் இந்த டெஸ்டை எடுத்திருந்தால், அந்தப் பையன்களுக்காக அவரிடம் கெஞ்ச வேண்டியிருந்திருக்காது.