மாம்பலத்தில் நின்ற கூட்ஸ்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு குளியலறை. மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடிப் போர்ஷன், நாங்கள் நாலு பேர். காலையில் யார் முதலில் குளிக்கப் போவது என்பதை அப்பாதான் முடிவு செய்வார். அவருடைய தொழிலே அதுதான். ரயில்வே கன்ட்ரோல் ஆபீசில் காதில் போனை வைத்துக்கொண்டு எந்த ரயில் முன்னால் போகலாம், எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் அம்மா எக்ஸ்பிரஸ். டீச்சர் என்பதால் பெல் அடிப்பதற்குள் பள்ளியில் இருக்க வேண்டும். நான் லோக்கல். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, கூட்ஸ். நாங்கள் எல்லாரும் முடித்த பிறகுதான் அத்தைக்குச் சிக்னல் விழும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று அத்தை தினமும் கத்துவாள்: “டேய், கூட்ஸுக்குன்னு தனியா ஒரு பாத்ரூம் கட்டிக் குடுடா!”

அப்பா சிரிப்பார். ஆனால் அவர் மனசுக்குள் இருந்ததும் ஏறக்குறைய அதேதான். கூட்ஸ் வண்டிகள் மேல் அவருக்கு ஒரு பரிவு. ஊருக்கு வேண்டிய அரிசி, சிமென்ட், நிலக்கரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அது வரும். பின்னால் ஒரு பாசஞ்சர் வந்தால் போதும், இதை ஓரம் கட்டிவிட வேண்டும். மணிக்கணக்கில் நிற்கும். டிரைவரும் கடைசி வேனில் தனியாக இருக்கும் கார்டும் வெயிலில் வெந்துகொண்டு எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கூட்ஸுக்கென்று தனி லைன் போட்டுவிட்டால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பது அப்பாவின் கட்சி. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் காபி ஆறும்வரை இதை விளக்குவார். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த முறை அப்பா டூட்டிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள்.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அவர் ஆபீசில் ஒருவர் ரிட்டயர் ஆனார், இன்னொருவர் காலை உடைத்துக்கொண்டார். அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்தார், சில வாரம் அதற்கும் மேல். பகலில் வந்து படுத்தாலும் தூங்க மாட்டார். கிழித்துப் போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆபீசில் போடுவதைப் போலவே சார்ட் போட ஆரம்பித்தார்.

அந்தச் சார்ட்டைப் படிக்க எனக்கு அவரே சொல்லிக் கொடுத்திருந்தார். மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், இடமிருந்து வலமாக நேரம். ஓடுகிற வண்டி சாய்வுக் கோடு. நிற்கிற வண்டி படுத்த கோடு, ஏனென்றால் நேரம் மட்டும் போகிறது, வண்டி போகவில்லை. ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது கட்டிலுக்கு அடியில் தாள்களைப் பசை போட்டு ஒட்டிச் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். பிரித்துக் கொண்டே போனேன். கூடத்தைத் தாண்டி அடுப்பங்கரை வாசல்வரை வந்தது. மற்ற கோடுகளெல்லாம் ஏறி இறங்கி முடிந்துவிட்டன. ஒரே ஒரு பச்சைக் கோடு மட்டும் முதல் தாளில் படுத்து, அடுத்த தாளிலும், அதற்கடுத்த தாளிலும் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் மாம்பலம் என்று எழுதியிருந்தது. ஏழு நாளாக ஒரு வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. எனக்கு ஏனோ அந்தத் தாளை மிதிக்கப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் சாப்பிடும்போது அவர் நிறுத்துவதைக் கவனித்தேன். சோற்றில் கை அப்படியே இருக்கும், தலை லேசாகச் சாயும். என்ன என்று அம்மா கேட்டால், “ஒண்ணு நிக்குது. இன்னும் எடுக்கல,” என்பார். ஆபீஸ் ஞாபகம் என்று அம்மா சமாளித்தாள். ஆனால் அத்தையும் அவளும் துணி காயப்போடும் இடத்தில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள், நான் போனதும் பேச்சு நின்றது. ஒரு வாரமாக அத்தை பாத்ரூம் வாசலில் கத்தவில்லை. வீட்டில் சிக்னலும் இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் குளித்தோம். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் எனக்கு மறைக்கல்வி வகுப்பு. அடுத்த மாதம் நற்கருணையை முதல் தடவையாக வாங்கும் புதுநன்மை, அதற்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற, வாழ்க்கையில் முதல் பாவசங்கீர்த்தனம். பாவங்களை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அப்பா நின்றார். வீட்டுக்குப் போகிற தெருவில் திரும்பாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறினார்.

ஞாயிறு மத்தியானம் அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்று தி. நகருக்கு ஜவுளி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். மூச்சு விட இடமில்லை. ஜவுளிக்கடைப் பைகள் என் முகத்தில் இடித்தன. எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் ஓரத்தில் கம்பியைப் பிடித்து நின்று, என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். கீழே கடைசித் தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நீளமாக ஒரு வெற்றுத் தரை. எருக்கஞ்செடி, பிளாஸ்டிக் பை, யாரோ போட்ட ஒற்றைச் செருப்பு.

“பாப்பா, அந்த மதில் ஓரமா ஒரு கூட்ஸ் நிக்குதா?”

குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. நான் பார்த்தேன். எருக்கஞ்செடிதான் இருந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவை அப்படி நான் பார்த்ததில்லை. அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்துபோய், “நிக்குதுப்பா,” என்றேன்.

அவர் மூச்சை விட்டார். எத்தனை வேகன் என்று எண்ணச் சொன்னார். நான் விரலை நீட்டி, காற்றில் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தேன். பத்து வரைக்கும் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு குரலும் ஒன்றாகப் போனது. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு என்றதும் நான் நிறுத்தினேன், அதே இடத்தில் அவரும் நிறுத்தினார். கீழே எங்கேயோ பிரேக்கில் காற்று இறங்குகிற உஸ்ஸென்ற சத்தம் கேட்டது. லோக்கல் எதுவும் அப்போது வரவில்லை. இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

“கடைசி வேன்ல கார்டு இருக்காரா?”

“இருக்காருப்பா. கை ஆட்டுறாரு.”

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆரம்பித்ததை ஒழுங்காக முடித்துக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். அப்பா மெதுவாகக் கையைத் தூக்கி, அந்தச் செடிகளைப் பார்த்து ஆட்டினார். பாலத்தில் போன ஒரு அம்மா, சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திரும்பும்போது எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். வீட்டில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்தது. நான் செய்த நல்ல காரியத்தால்தான் இதெல்லாம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு குழப்பம்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வேகனுக்குச் சேர்த்து ஒரு பொய்யா, அல்லது வேகனுக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு பொய்யா? சிஸ்டர் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யாருக்கும் நஷ்டமில்லாததால் இது பாவமே கிடையாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்த கொஞ்ச நேரத்தில், அப்பாவோடு வேலை பார்த்த அங்கிள் ஒருவர் அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அங்கிள் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். யாருடைய கணக்கிலும் இல்லாத ஒரு கூட்ஸுக்கு வழி விட வேண்டும் என்று அப்பா ஒரு எக்ஸ்பிரஸை ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தச் சொல்லியிருக்கிறார். எந்த கூட்ஸ் சார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்க, அந்தக் கார்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கை ஆட்டிக்கொண்டு நிற்கிறார், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா என்று சத்தம் போட்டிருக்கிறார். நல்லவேளை, பக்கத்தில் இருந்த அங்கிள் போனை வாங்கிவிட்டார். எக்ஸ்பிரஸில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் ரயில்வேயைத் திட்டியதோடு போயிற்று.

“இன்னிக்கு ஒண்ணும் ஆவல மேடம். ஆனா அந்த சீட்ல இனிமே இவரை உக்கார வெக்க முடியாது. மொதல்ல டாக்டர் கிட்ட காட்டுங்க,” என்றார்.

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்போது அப்பா நாற்காலியிலிருந்தே, “நான் ஒருத்தன் சொன்னா நம்ப மாட்டீங்க. என் பொண்ணு எண்ணிச்சு. நாப்பத்திரெண்டு. அவளையே கேளுங்க,” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கிள் என் உயரத்துக்குக் குனிந்தார். பயப்படாம சொல்லும்மா, பார்த்தியா என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது, யாரும் போய் அணைக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்துத் தைரியமாகத் தலையாட்டினார். நிற்கிறது என்று சொன்னால் அவர் ஆபீசுக்குத் திரும்பிப் போய்விடுவார், மறுபடியும் வண்டிகளை நிறுத்துவார் என்று அந்த வயதில்கூட எனக்குப் புரிந்தது. இல்லை என்று சொன்னால் அவர் என்ன ஆவார் என்று தெரியவில்லை.

“அங்க எதுவும் இல்ல அங்கிள். செடிதான் இருந்துச்சு. நான் சும்மா எண்ணினேன்.”

அப்பா கோபப்படவில்லை. தோள்கள் இறங்கின. பிறகு மிக மெதுவாக, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு,” என்றார். எழுந்து உள்ளே போய்ப் படுத்தவர் மறுநாள் சாயங்காலம் வரை தூங்கினார். அவ்வளவு நீளமாக அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. செத்துவிட்டாரோ என்று நான் மூன்று தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன்.

மாத்திரைகளும் நீண்ட லீவும் கொடுத்தார்கள். பிறகு டைம்டேபிள் அச்சடிக்கும் பிரிவில் ஒரு மேஜை கிடைத்தது. அங்கே வண்டிகள் தாளில் மட்டுமே ஓடும். அவர் தேறிவிட்டார். ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவர் முதுகைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது. முதல் பாவசங்கீர்த்தனத்தில் சர்க்கரை திருடியதைச் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கிள்ளியதைச் சொன்னேன், கடைசியாக விக்கிக்கொண்டே, வெளி மனுஷர் முன்னால் அப்பாவை எதிர்த்துப் பேசிவிட்டேன் என்றேன். செவ்வாய்க்கிழமை சொன்ன உண்மையைப் பாவமென்று ஒப்புக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. சாமியார் பரிகாரமாக அருள்நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, கோயில் வாசலில் குடையோடு காத்திருந்த அப்பாவிடம் லேசான மனசோடு ஓடினேன்.

அவர் எதற்காக என்னைப் பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று எனக்கு அப்போது தெரியாது. அம்மாவிடம் கேட்டிருந்தால் நடுங்கிப் போயிருப்பாள். அத்தையிடம் கேட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆபீசில் கேட்டால் வேலை போய்விடும். அந்தக் கூட்ஸ் அங்கே இல்லையோ என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. இல்லை என்று ஒரே ஒருவர் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து தூங்கிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அதைச் சொல்வதற்கு அவருக்கு இந்த ஊரில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.