அம்மா வரி கட்டிய நாள்

என் சித்தி தினமும் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிறாள் என்று சொன்னால் வகுப்பில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எல்லையில் ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கனடாவின் விண்ட்சரில் அவளுடைய வீடு. அந்தப் பக்கம் டெட்ராய்ட்டில் அவள் தாதியாக இருந்த ஆஸ்பத்திரி. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், கால்சா என்ற எங்கள் பேட்டையைத் தாண்டவே பஸ்ஸுக்குக் காத்து நின்ற எங்களுக்கு அவள் பெரிய வீராங்கனை.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் அவள் எங்களிடம் வந்தாள். இரண்டு நாட்டுக்கும் வரி கட்டவேண்டுமா என்று அப்பா பரிதாபப்பட்டுக் கேட்டார். சித்தி சிரித்தாள். உழைக்கிற இடம் என்பதால் அமெரிக்கா முதலில் எடுக்குமாம். குடியிருக்கிற கனடாவுக்கும் கணக்குக் காட்டவேண்டுமாம். ஆனால் அமெரிக்காவில் கட்டியதைக் கனடா கழித்துவிடுமாம். பரிசு வாங்கிய கதையைப்போல அதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு நாட்டிலையும் என்ரை உழைப்புப் பதிஞ்சு கிடக்கு, அக்கா. உன்ரை உழைப்பு இஞ்சை எங்கை பதிஞ்சிருக்கு?"

சிஞ்ஞோரா என்று நாங்கள் அழைத்த இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா வீட்டுவேலை செய்தாள், ஒப்பந்தமோ அரசாங்கப் பதிவோ எதுவுமில்லாமல். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவள் அப்பாவின் மனைவி, அவ்வளவுதான்.

மறுநாள், நானும் அந்த வீட்டுக்குக் கூடப் போயிருந்தபோது, அம்மா சிஞ்ஞோராவிடம் ஒப்பந்தம் கேட்டாள். அது செலவு, உனக்கும் வரி வரும், எதற்கு வீண் வேலை என்றாள் சிஞ்ஞோரா.

"நானும் வரி கட்ட வேணும்," என்றாள் அம்மா, தன் அரைகுறை இத்தாலியனில். இல்லாவிட்டால் வேறு வீடு பார்ப்பதாகவும் சொன்னாள்.

இத்தனை வருடம் பழகிய உன்னை விடமுடியாது, நாளைக்கு உன் பத்திரங்களைக் கொண்டு வா என்றாள் சிஞ்ஞோரா.

அடுத்த வருடம் வரிக்கணக்குக் கொடுக்கப் போன அன்று அம்மா நீலப் பட்டுச்சேலை உடுத்தாள். "ஆரின்ரை கலியாணம்?" என்று கேட்டார் அப்பா. அம்மா பொட்டைச் சரிசெய்தாள். அலுவலக வரிசையில் நின்ற அத்தனை பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நிமிர்ந்து நின்றாள். கட்டவேண்டிய தொகையைச் சொன்ன எழுத்தருக்கு நன்றியும் சொன்னாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் வெளியே வந்தேன். அம்மா எதையோ வென்றுவிட்டாள் என்று தெரிந்தது. காசைக் கொடுத்துவிட்டு வருகிறவள் எப்படி வென்றவளாவாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.