பீனட் என்றால் கடலை

கனடாவுக்கு வந்த எட்டாம் மாதம், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பில் மகள் என்னைச் சேர்த்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் நான் வாய் ஓயாதவள். "உமக்கு வாய்தான் முதல் பிறந்தது. மற்றதெல்லாம் மூண்டு நாள் கழிச்சுத்தான்" என்பார் என் மனுசன். இங்கே பஸ்ஸிலும் லிஃப்டிலும் சிரித்துவிட்டுப் பேசாமல் நிற்கப் பழகியிருந்தேன். அது எனக்கு நோய் மாதிரி இருந்தது.

வகுப்பில் எனக்கு இந்தப் பக்கம் மதுரைப் பெண் ஒருத்தி. கணவருக்கு கொம்பியூட்டர் வேலை. அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் தங்கச்சி. அந்தப் பக்கம் கொலம்பியாக்காரி. வீடுகள் கூட்டித் துடைக்கப் போகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது ஒரு இருபது ஆங்கிலச் சொல். அதை வைத்துக்கொண்டே மாமியார் கதை வரைக்கும் பேசிவிட்டோம். மிச்சத்தைக் கை பேசியது.

முதலில் சாப்பாட்டுச் சாமான்களின் பெயர்கள். டீச்சர் தந்த தாள் பல தடவை கொப்பி எடுத்தது. படங்கள் எல்லாம் கறுப்புக் கறையாக இருந்தன. சிக்பீஸ் என்பதை ஏதோ கோழிச் சாமான் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். பீனட் என்ற சொல்லுக்கு மேலேயும் ஒரு கறைதான்.

"தங்கச்சி, உது என்ன?"

"கடலைக்கா."

'பீனட் - கடலை' என்று எழுதிக்கொண்டேன். கடலை தெரியாதா எனக்கு? ஊறவைத்து அவித்துத் தாளித்து, மேலே தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தின்கிற, கூர் மூக்கு வைத்த கடலை.

அடுத்தது இலக்கணம். இருக்கிறது, இல்லை. ஒன்று என்றால் 'தெயர் இஸ்', பல என்றால் 'தெயர் ஆர்'. எங்களுக்கு ஒரு வெங்காயமும் இருக்கு, ஒரு சாக்கு வெங்காயமும் இருக்கு. இவர்களுக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று தங்கச்சியிடம் முணுமுணுத்தேன். ஆனாலும் வீட்டில் சட்டி கழுவும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

பாடம் முடிந்த வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து, அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுந்து சொல்ல வேண்டும். நான் எள்ளுருண்டை செய்தேன். அதில் ஒரு பிடி கச்சானை வறுத்துப் பொடியாக்கிச் சேர்ப்பது என் கைப்பழக்கம். தமிழ்க் கடையில் வாங்கிய பொட்டலத்தில்கூடக் கச்சான் என்று தமிழில்தான் எழுதியிருந்தது.

கொலம்பியாக்காரி ஒரு உருண்டையை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை. ஒரு விரலைத் தொண்டையில் வைத்து, "பீனட்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எள்ளுருண்டைக்குள் யார் கடலை போடுவார்கள்? நிமிர்ந்து நின்று சொன்னேன்: "நோ. தெயர் ஆர் நோ பீனட்ஸ் இன் இட்."

டீச்சர் கை தட்டினார். நான் இந்த நாட்டில் பிழையில்லாமல் சொன்ன முதல் முழு வசனம் அது.

அவள் பாதி உருண்டை தின்றிருப்பாள். கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. ஏதோ சொல்ல வந்தாள், குரல் வரவில்லை. டீச்சர் அவளுடைய பையைக் கொட்டி, பேனை மாதிரி ஒரு ஊசியை எடுத்து, ஜீன்ஸுக்கு மேலாகவே தொடையில் குத்தினார். அம்புலன்ஸ் வந்தது. வந்தவர்களில் ஒருவர் என் தட்டைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"செசமி. சுகர்." பிறகு, "கச்சான்."

"வாட்?"

"கச்சான்!" என்று கத்தினேன். கத்தினால் விளங்கும் என்பது போல. "தங்கச்சி, கச்சானுக்கு இங்கிலீசில என்ன?"

"கச்சானா? அப்படின்னா என்னக்கா?"

"மண்ணுக்குள்ள காய்க்கும். கோதை உடைச்சா ரெண்டு கொட்டை இருக்கும். சிவத்தத் தோல்."

அவள் முகம் மாறியது. "அக்கா, அதான் கடலை."

"கடலை வேற!"

"எங்க ஊர்ல அதுதாங்க்கா கடலை. அன்னிக்குச் சொன்னேனே." அவரிடம் திரும்பி, "பீனட் சார், பீனட்" என்றாள்.

கொலம்பியாக்காரிக்கும் அது கேட்டது. அவர்கள் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாள்.

அவளுக்குக் கச்சான் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாதாம். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று டீச்சர் போன் செய்தார். தங்கச்சி பஸ் தரிப்பிடத்தில் அழுதாள். "நான் தப்பா சொல்லலையேக்கா." இல்லையடி, நீ சரியாகத்தான் சொன்னாய் என்றேன். "ஒருத்தரிலயும் பிழையில்லை. விடும்" என்றார் மனுசன். என்னால் விட முடியவில்லை. தமிழ் பேசுகிற எங்களுக்குத்தான் இரண்டு கடலை. அவளுக்கு என் வசனம் ஒன்றுதான். நான் சொன்னதை நம்பித்தான் வாயில் வைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து அவள் வந்தாள். மகள் ஏழு வரியில் மன்னிப்பு எழுதித் தந்திருந்தாள்: யாழ்ப்பாணத்தில் கடலை என்றால் என்ன, மதுரையில் என்ன என்றெல்லாம். தாளை விரித்தேன். அந்த ஏழு வரியும் எனக்காக வாதாடின; அவளுக்கு என்று அதில் ஒன்றும் இல்லை. மடித்துவிட்டேன்.

"ஐ டோன்ட் நோ த வேர்ட்," என்றேன். "சொறி. வெரி சொறி."

அவள் கொஞ்ச நேரம் சொற்களைத் தேடினாள். அவளிடமும் அதே இருபதுதானே.

"ஐ ஆஸ்க் யூ," என்றாள். "யூ செட் நோ."

சொல்வதற்கு எனக்கு நிறைய இருந்தது. தமிழில் என்றால் அவளை அரை மணித்தியாலம் இருத்தி வைத்து விளக்கியிருப்பேன். அவளும் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன்.

"யெஸ்," என்றேன். "ஐ செட் நோ."

தலையாட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. என் பக்கத்துக் கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. அவள் கதவோரத்தில் போய் இருந்தாள், மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி.