அப்பாவின் எடை குறைந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம்

எங்கள் அப்பா பென்னாகரத்துக்கு அப்பால், காட்டை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தார். மழை இல்லாத ஒரு வருடம் ஆடுகளை விற்றுவிட்டு மாரண்டஹள்ளிக்கு வந்து காய்கறி மண்டியில் மூட்டை தூக்கினார். பிறகு அங்கேயே எடை போடுபவரானார். அவர் போட்ட எடையை எந்த விவசாயியும் மறுபடி போடச் சொன்னதில்லை. அம்மா சீக்கிரமே இறந்துவிட்டதால், அக்காவுக்கும் எனக்கும் அவரே சமைத்துப் போட்டார். அக்கா படித்தார். நான் எட்டாவதோடு நின்று, போர்வெல் வண்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினேன். அதற்காக அப்பா என்னைத் திட்டியதில்லை. போனில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்.

மூட்டை தூக்குவதை விட்டபின் அப்பாவுக்கு உடம்பு போட்டு, எடை நூறு கிலோவைத் தாண்டியது. அக்கா சோற்றைக் குறைத்து, காலையில் நடக்க வைத்தார். வெள்ளிக்கிழமை வியாபாரம் முடிந்ததும், தக்காளிப் பெட்டி வைக்கும் எடை மேடையில் அப்பாவையே ஏற்றி நிறுத்துவது மண்டியில் வழக்கமாயிற்று. வெகுநாள் குறையாத எடை, திடீரென்று வாராவாரம் இறங்கியது. “மாமா மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டாரு” என்று மூட்டை தூக்குகிறவர்கள் கேலி செய்வார்கள். அக்கா படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நானும் கூட இருந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். நடக்காத வாரமும் எடை குறைகிறதே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தேன். சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டதால் புதுசு எடுக்க அப்பாவைத் தர்மபுரிக்கு அழைத்துப் போனேன். பாலக்கோட்டில் பஸ் நின்றதும் கழிப்பறைக்கு இறங்கியவர் வரவே இல்லை. நானும் இறங்கிவிட்டேன், பஸ் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

“ஒண்ணுக்கு சரியா எறங்க மாட்டேங்குது சாமி. ஒரு வருசமாச்சு. பொட்டப்புள்ளகிட்ட இத எப்படிச் சொல்றது?”

சட்டை எடுக்கப் போகவில்லை. அடுத்த பஸ் பிடித்து, தர்மபுரியில் நேராக மருத்துவரிடம் போனோம். எடை குறைந்ததா என்று அவர் கேட்டார். இருபது கிலோ என்று நான் சந்தோஷமாகவே சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். பரிசோதனைகள் முடிந்தபோது, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்புவரை போய்விட்டது என்றார். உடம்பு கனத்தவர்களுக்கு இது வந்தால் கொஞ்சம் கடுமையாக வரக்கூடும், அதனால் எடையைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் வயதானவருக்கு எடை தானாகக் குறைந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதன்பின் பதினான்கு மாதம் இருந்தார். நான் வேலைக்குத் திரும்பவில்லை. குளிப்பாட்டவும், சிறுநீர் வடியும் குழாய்ப் பையை மாற்றவும் கற்றுக்கொண்டேன். யாராவது வந்தால் அந்தப் பையைத் துண்டு போட்டு மறைத்துக்கொள்வார். ஒரு நாள் மண்டிக்காரர்கள் வந்தபோது துண்டை அவரே எடுத்துவிட்டார்.

“நல்லாப் பாத்துக்கங்க. ஒண்ணுக்குப் போறது செரமமா இருந்தா போய்க் காட்டுங்க.”

“எங்களுக்கெல்லாம் நல்லாத்தான் போவுதுங்க மாமா” என்றார் ஒருவர்.

“நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்” என்றார் அப்பா.

அடுத்த வாரம் அவர்களில் மூன்று பேர் பரிசோதனைக்கு என்னுடன் தர்மபுரிக்கு வந்தார்கள். அதை அப்பாவிடம் சொன்னபோது என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, காலையில், அக்கா கொடுத்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்துவிட்டு அமைதியாகப் போய்விட்டார்.

உறவுகள் கையில் வாங்கும் இந்த நினைவு மலரில் இதையெல்லாம் எழுதுவதா என்று அக்கா தயங்கினார். பிறகு, அப்பாவே நாலு பேர் முன்னால் சொன்னதுதானே என்று சம்மதித்தார்.

மருத்துவர், செவிலியர், கடைசிவரை தூக்கிச் சுமந்த மண்டித் தோழர்கள், காரியத்தில் துணை நின்ற பங்காளிகள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இதைப் படிக்கும் பெரியப்பா, சித்தப்பா, மாமாமார்களே, வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நான் இப்போது ஊரில்தான் இருக்கிறேன். கூட வருகிறேன்.