சாஸ் வீட்டு பாத்ரூம் கதவு

என் தங்கச்சிக்கு நாங்க வெச்ச பட்டப்பேரு ‘ஐயோ’. பால் பொங்கினாலும் ஐயோ, பொங்கலைன்னாலும் ஐயோ. இவ தக்காளி சாஸ் காய்ச்சி வித்துக் குடும்பத்தைத் தாங்குவான்னு யார் நினைச்சா? அவ வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்துல இருந்து விழுந்து இடுப்பு உடைஞ்சதுல இருந்து, ரெண்டு வருஷமா அந்த வீட்ல எல்லாரும் சாப்பிடறதே இந்த சாஸாலதான்.

போன மாசம் பெரிய கடைக்காரர் கறாரா சொல்லிட்டார். அரசாங்கப் பதிவு நம்பர் இல்லாம இனி ஒரு பாட்டில்கூட எடுக்க மாட்டாராம். அன்னைக்கே இவ கிளம்பிட்டா. தண்ணி பரிசோதனை, டாக்டர் சர்டிஃபிகேட், வீட்டு வரைபடம்னு நாயா அலைஞ்சா. அப்புறம் உணவுப் பாதுகாப்பு ஆபீசரம்மா நேர்ல பார்க்க வந்தாங்க. சமையலறையில பாத்ரூம் கதவைப் பார்த்ததும் நின்னுட்டாங்க.

“உணவு தயாரிக்கிற இடத்துல பாத்ரூம் கதவு திறக்கவே கூடாதும்மா. பத்து நாள்ல அடைச்சிடுங்க. இல்லைன்னா பதிவு கிடையாது.”

இவ கட்டிலைத் திரும்பிப் பார்த்தா. மாப்பிள்ளை கட்டில்ல இருந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு எட்டு அடி வெச்சா அந்தக் கதவு. அதை அடைச்சா வாசப்படி இறங்கி, வீட்டைச் சுத்தி, பாத்ரூமோட பின்பக்கக் கதவு வழியாத்தான் போகணும்.

ஆபீசரம்மா போனதும், “அவர்கிட்ட எப்படிக்கா சொல்றது?”ன்னு அழுதா.

எனக்கு வந்ததே கோபம்! “சட்டம் போட்டவங்களுக்கெல்லாம் இடுப்பு நல்லா இருக்கு போல!”ன்னு கத்தினேன்.

கட்டில்ல இருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். “கத்தாதீங்க அண்ணி. அவங்க சொல்றது நியாயம்தான். செங்கல்லும் சிமெண்டும் வாங்கிட்டு வாங்க. என் வீட்டுச் சுவரை வேற எவன் கட்டுவான்?”

ஸ்டூல்ல உட்கார்ந்தே ரெண்டு நாள்ல கட்டி முடிச்சார், பாவி மனுஷன்.

அப்புறம் இவளுக்கு ஏது நிம்மதி? மாப்பிள்ளை தடி ஊன்றிக் கிளம்பற சத்தம் கேட்டாப் போதும், கரண்டியைப் போட்டுட்டு ஓடுவா. அவர் படியில வழுக்கிட்டா? மறுபடி விழுந்துட்டா? நாலஞ்சு நாள்ல சத்தம் குறைஞ்சுது. பழகிட்டார்னு நினைச்சோம்.

பத்தாம் நாள் ஆபீசரம்மா வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாங்க. “யார் வேலை? இவ்வளவு நேர்த்தியா இருக்கே!” கையெழுத்துப் போட்டுட்டாங்க. நம்பர் இந்த வாரமே வந்துடுமாம். சந்தோஷத்துல இவளுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எல்லாருக்கும் தண்ணி கொண்டுவந்தா. மாப்பிள்ளை மட்டும் டம்ளரைத் தள்ளினார்.

“எனக்கு வேணாம்.”

அப்பத்தான் அவர் உதட்டைப் பார்த்தா. வெடிச்சுக் கிடந்துது. கட்டில் பக்கத்துல காலையில வெச்ச ஜக்குல தண்ணி அப்படியே இருந்துது.

“என்னங்க, தண்ணியே குடிக்கறதில்லையா?”

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். “குடிச்சா போகணும். போனா நீ பதறி ஓடி வர்றே. அங்க சாஸ் அடிப்பிடிக்குது.”

“பிடிச்சாப் பிடிக்கட்டும்!” ஆபீசரம்மா நிக்கறாங்கன்னுகூடப் பார்க்காம, டம்ளரை அவர் வாயில வெச்சா. “குடிங்க முதல்ல. நான் கூட வர்றேன்.”