ஆயிரம் ரூபாயில் கைநழுவிய சாட்டிலைட் போன்

செங்கம் ரோட்டில் பழைய செல்போன் வாங்கி விற்கிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தடித்த ஆன்டனா வைத்த சாட்டிலைட் போனை விற்க வந்தார். ஐயாயிரம் சொன்னேன். எப்போதும்போல எதிர்க்கடை செல்வம் ஆயிரம் ஜாஸ்தி கொடுத்து வாங்கிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

செல்வம் அதை ஆன் செய்து பார்த்த மறுநாள், சிக்னலை வைத்துப் போலீஸ் வந்து அவரை அழைத்துப் போனது. அனுமதியில்லாமல் அந்தப் போனை வைத்திருப்பதே குற்றம் என்று அன்றுதான் எனக்கும் தெரிந்தது.

செல்வத்தின் மனைவி வந்து, "தெரிஞ்சேதான் விட்டுக் குடுத்தீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. கையில இருந்ததே அவ்ளோதான்" என்றேன்.

தப்பித்தோம் என்ற சந்தோஷம்கூட வரவில்லை. இப்போதெல்லாம் எந்தப் போன் வந்தாலும், அதை இங்கே வைத்திருக்கலாமா என்று விசாரித்த பிறகே விலை சொல்கிறேன். எதிரே யாரும் ஆயிரம் கூட்டிச் சொல்வதில்லை.